டயர் கடைக்குப் பின்னால், புல்மன்

டயர் கடைக்குப் பின்னால், தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம்
காலை எட்டரைக்கு
நாற்பத்தொரு மஞ்சள் பூக்கள் திறந்திருந்தன.
மதியத்துக்குள் எல்லாம் மூடிக்கொள்ளும்,
தாலுகா ஆபீஸ் மாதிரி.

கிள்ளினால் பால் வடியும் இந்தச் செடியின்
தாயும் தகப்பனும் வேறு வேறு இனம்.
இரண்டுமே ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வந்தவை.
நீங்கள் சொல்லப்போகும் உவமை எனக்குத் தெரியும்.
நானும் விசாவில் வந்தவள்தான்.
வேண்டாம். செடி செடியாகவே இருக்கட்டும்.

முதலில் பிறந்தது மலடு.
அங்கிருந்து ஆறு குரோமோசோம், இங்கிருந்து ஆறு.
மகரந்தம் உண்டாகும் வேளையில்
ஒவ்வொன்றும் தன் ஜோடியைத் தேடியது.
இரு வீட்டாரும் வந்து உட்கார்ந்தும்
ஒரு ஜாதகமும் ஒட்டவில்லை.

பிறகு எங்கோ ஒரு செல்லில் ஒரு பிழை:
பிரிய வேண்டியது பிரியவில்லை.
பன்னிரண்டு இருபத்துநான்கு ஆயிற்று.
தன் நகலே தனக்குத் துணை.
விதை பிடித்தது.
நூறு வயதுகூட நிரம்பாத புது இனம்,
காலி ஆயில் டின்களுக்கு நடுவே.

இருபத்துநான்கை எண்ணுவது என் வேலை.
வேர்நுனியை வெட்டி, அமிலத்தில் இளக்கி, சிவப்பேற்றி
மெல்லிய கண்ணாடிக்கு அடியில் வைத்து
கட்டைவிரலால் ஒரே அழுத்து.
கூடினால் சிதறும். குறைந்தால் குவியும்.
ஆய்வகத்தில் விலை கூடிய கருவி
உன் கட்டைவிரல்தான் என்பாள் மேரிட்.
இருபத்திரண்டு, இருபத்துமூன்று...
ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடக்கிறது.
மறுபடி முதலிலிருந்து.

வீட்டுச் சாவிக்கு ஒரு நகல் வெட்டி வைத்தேன்.
அசல் கதவைத் திறக்கிறவரை
நகலுக்கு வேலை இல்லை.
சும்மா கிடந்தது பெயிண்ட் டப்பா மூடியை
நெம்பக் கற்றுக்கொண்டது.
முனை வளைந்துவிட்டது இப்போது.
பூட்டுக்குள் போகாது.
ஆனால் அது இல்லாமல் ஒரு டப்பாவும் திறப்பதில்லை.

ஏழாம் வகுப்பு இலக்கணத்தில் இரண்டு மதிப்பெண் விட்டேன்.
'பாம்பு பாம்பு' அடுக்குத்தொடர்:
ஒன்றை எடுத்தாலும் பாம்பு இருக்கும்.
'சலசல' இரட்டைக்கிளவி:
பிரித்தால் ஒன்றுமே இல்லை.
மாற்றி எழுதியிருந்தேன்.
அது அவ்வளவு பெரிய தப்பா என்று
இப்போது சந்தேகம்.

இந்தச் செடி இன்னும் பாம்பு பாம்பு.
ஒரு நகல் தொலைந்தால் மற்றது பார்த்துக்கொள்ளும்.
தொலைந்துகொண்டும் இருக்கிறது:
கடைச் சுவரோரச் செடியில் ஒரு மரபணு தாயுடையது இல்லை,
சாலைக்கு எதிர்ப்புறம் அதே மரபணு தகப்பனுடையது இல்லை.
எதை விடுவது என்று யாரும் முடிவு செய்யவில்லை.
குன்று குன்றாகப் பச்சை கட்டி நிற்கும் கோதுமையோ
மூன்று குடும்பம் கூடி ஆறடுக்கு,
ஆயிரமாயிரம் வருஷப் பழக்கம்.
ஒன்று பாதி, மற்றது மீதி என்று
எத்தனை வேலையைப் பங்கு பிரித்திருக்கும்?
காற்று வரும்போது காது கொடுக்கிறேன்.
சலசல என்கிறது.

வியாழக்கிழமை மதியம் இரண்டரைக்கு
நகராட்சி புல்வெட்டி வண்டியோடு கார்வின் ஹாஸ்கெல்.
நான் ஓடி வந்தபோது முடிந்திருந்தது.
ரோஸ் நாடா கட்டிய மூன்றை மட்டும்
ரொம்பக் கவனமாகச் சுற்றிப் போயிருந்தார்.
மூன்றும் நான் ஏற்கனவே எண்ணி முடித்தவை.
"இங்கே பூ ஒன்றுமில்லையே அம்மா, வெறும் புல்தானே."
மூடிய பிறகு வந்தவரிடம் என்ன சொல்ல?
வெட்டிய தண்டெல்லாம் பால்.

வீடு எல்லைக்கு அந்தப்புறம், ஐடஹோவில் என்றார்.
வேலை முடிந்தது, இப்படியே கிளம்புகிறேன் என்றார்.
தொப்பியின் பின்மடிப்பில்
குடை விரித்த விதைகள் இரண்டு, இல்லை மூன்று.

நான் எடுக்கவில்லை.